ஒரு எட்டில் அடங்காத பள்ளம்

"வேகாஸ் வரைக்கும் போறோம்ல... அப்படியே கிராண்ட் கேன்யனையும் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம்!"

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர் வீடுகளில் நீண்ட வார இறுதி ஒன்று வரும்போதெல்லாம் இந்த வாக்கியம் தவறாமல் ஒலிக்கும். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருந்தால் இன்னும் சத்தமாக ஒலிக்கும். உடனே ஒரு எக்ஸெல் ஷீட் திறக்கப்படும். வெள்ளி இரவு லாஸ் வேகாஸ். சனி காலை 5 மணிக்குக் கிளம்பு. வழியில் ஹூவர் அணை, ஒரு போட்டோ. 11 மணிக்கு கிராண்ட் கேன்யன். 2 மணிக்குத் திரும்பு. இரவு 8 மணிக்கு வேகாஸில் நீரூற்று நடனம். ஞாயிறு வீடு. திட்டம் பிரமாதம்!

இந்தத் திட்டத்தில் எல்லாம் இருக்கிறது. கிராண்ட் கேன்யன் மட்டும்தான் இல்லை.

சரி, முதலில் கணக்கு.

லாஸ் வேகாஸிலிருந்து கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவின் தெற்கு விளிம்புக்கு ஏறத்தாழ 450 கி.மீ. கிங்மன் வழியாக 40-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து, வில்லியம்ஸ் என்ற சிற்றூரில் வடக்கே திரும்ப வேண்டும். எங்கும் நிற்காமல் ஓட்டினாலே நாலரை மணி நேரம். போக வர 900 கி.மீ., ஒன்பது மணி நேரம். இது எவ்வளவு என்று உள்ளூர்க் கணக்கில் பார்த்தால்தான் உறைக்கும். சென்னையிலிருந்து மதுரைக்கு விடியற்காலையில் காரில் கிளம்பி, மீனாட்சி அம்மன் கோயிலை இரண்டு மணி நேரத்தில் சுற்றிவிட்டு, அன்று இரவே சென்னைக்குத் திரும்புவதற்குச் சமம். அப்படி ஒருவர் திட்டம் போட்டால் வீட்டில் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? "உனக்கென்ன பைத்தியமா?" என்பார்கள். அதே பெரியவர்களை அதே தூரத்துக்குப் பின்சீட்டில் உட்கார வைத்து அழைத்துப் போவதற்குப் பெயர் அமெரிக்காவில் 'சைடு ட்ரிப்'!

கணக்கு அதோடு முடியவில்லை. ஹூவர் அணையில் வண்டி நிறுத்தி இறங்கி ஏற முக்கால் மணி. காலை உணவு, பெட்ரோல், கழிப்பறை எல்லாம் சேர்த்து இன்னொரு முக்கால் மணி. கோடையில் பூங்காவின் தெற்கு நுழைவாயிலில் முற்பகல் வேளையில் கார்கள் வரிசை கட்டி நிற்கும். பிறகு வண்டி நிறுத்த இடம் தேட வேண்டும். போதாக்குறைக்கு அரிசோனா மாநிலம் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அதனால் குளிர்காலத்தில் நெவாடாவிலிருந்து போகிறவருக்கு எல்லையைத் தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடிவிடும். டிசம்பரில் சீக்கிரம் இருட்டும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

கடைசியில் பள்ளத்தின் விளிம்பில் நிற்கக் கிடைப்பது இரண்டு மணி நேரம். அதிலும் புளியோதரை டப்பாவைத் திறந்து சாப்பிட அரை மணி. மாதர் பாயிண்ட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குடும்பப் படம், தனிப்படம், 'ஜம்ப்' படம்... மீதி என்ன? அந்த ஊருக்கென்றே மிச்சமிருப்பது பத்து நிமிடம் தேறினால் அதிசயம்.

அந்தப் பத்து நிமிடமும் எப்போது கிடைக்கிறது? நண்பகலில். கிராண்ட் கேன்யனை மிகச் சுமாராகக் காட்டும் நேரம் அதுதான். சூரியன் உச்சியில் இருக்கும்போது நிழல் இருக்காது. நிழல் இல்லாவிட்டால் ஆழம் தெரியாது. ஒரு மைலுக்கும் அதிகமாகக் கீழே போகும் பள்ளம், சுவரில் ஒட்டிய காலண்டர் படம் மாதிரித் தட்டையாக நிற்கும். "நெட்ல பார்த்த மாதிரியேதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறுகிறவர் பொய் சொல்லவில்லை. அவர் போன நேரத்துக்கு அது அப்படித்தான் இருக்கும்.

இந்த இடத்தில் இரண்டாம் வகைத் திட்டக்காரர் எழுந்து வருவார். "அதுக்கு ஏன் அவ்வளவு தூரம் போகணும்? வெஸ்ட் ரிம் இருக்கே! ரெண்டரை மணி நேரத்துல போயிடலாம். கண்ணாடிப் பாலமும் இருக்கு!"

இருக்கிறது, உண்மைதான். 2007 மார்ச்சில் திறக்கப்பட்ட ஸ்கைவாக் என்ற அந்தக் கண்ணாடி நடைபாதை குதிரை லாட வடிவில் விளிம்பைத் தாண்டி 70 அடி வெளியே நீள்கிறது. அது இருப்பது ஹுவாலப்பாய் என்ற பழங்குடி மக்களின் நிலம். தேசியப் பூங்காவுக்குள் இல்லை. தேசியப் பூங்கா நுழைவுச்சீட்டு அங்கே செல்லாது, அங்கே வாங்கிய சீட்டு பூங்காவில் செல்லாது. அங்கிருந்து தெற்கு விளிம்புக்குப் போக மேலும் நாலு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். காலண்டர்களில் அடுக்கடுக்காக விரியும் அகன்ற காட்சி தெற்கு விளிம்பினுடையது. மேற்கில் பள்ளம் குறுகல், காட்சி வேறு.

ஹுவாலப்பாய் மக்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அது அவர்கள் நிலம். வேறு வருமானத்துக்கு வழி குறைந்த வறண்ட பூமியில் அவர்கள் கட்டிய பாலம் அவர்கள் உரிமை. அதை 'அசிங்கம்' என்று முகம் சுளிக்கும் இயற்கை ஆர்வலர்கள், பூங்கா நிர்வாகம் அதே பள்ளத்தில் ஹவசுப்பாய் மக்களுக்கு என்ன செய்தது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். பிரைட் ஏஞ்சல் பாதையில் இருக்கும் நீரூற்றுப் பகுதியில் பயிர் செய்து வாழ்ந்தவர்கள் அவர்கள். பூங்கா வந்த பிறகு, 1920-களின் இறுதியில், அவர்களில் கடைசி ஆளும் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். அந்த இடத்துக்கு 'ஹவசுப்பாய் கார்டன்ஸ்' என்று அவர்கள் பெயரைத் திருப்பிக் கொடுக்க 2022 வரை ஆனது!

ஆகவே மேற்கு விளிம்புக்குப் போவது குற்றமில்லை. தெரிந்து போக வேண்டும், அவ்வளவுதான். ஹுவாலப்பாய் நாட்டைப் பார்க்கப் போகிறோம் என்று போகிறவர் மகிழ்ச்சியோடு திரும்புவார். 'கிராண்ட் கேன்யன்' என்ற இரண்டு சொல்லை மட்டும் துண்டுப் பிரசுரத்தில் படித்துவிட்டுப் போகிறவர், ஊர் திரும்பி மற்றவர்களின் படங்களைப் பார்த்துவிட்டு "நாம பார்த்தது இது இல்லையே?" என்று விழிப்பார். தப்பு பாலத்தில் இல்லை. எந்த விளிம்பு என்றே கேட்காமல் பணம் கட்டியதில் இருக்கிறது.

இனி, சைடு ட்ரிப் கட்சியினரின் வாதங்கள்.

வாதம் ஒன்று: "எத்தனை நாள் இருந்தாலும் அதே பள்ளம்தானே?"

1540-ல் இதே நினைப்போடு வந்த ஒரு கூட்டம் உண்டு. ஸ்பெயின் நாட்டுத் தளபதி கார்தேனாஸும் அவர் ஆட்களும்தான் இந்தப் பள்ளத்தைப் பார்த்த முதல் ஐரோப்பியர்கள். வழிகாட்டி அழைத்து வந்தவர்கள் ஹோப்பி மக்கள். விளிம்பில் நின்று பார்த்தபோது கீழே ஓடும் ஆறு ஓர் ஆள் உயர அகலம்தான் இருக்கும் என்று தோன்றியது. மூன்று பேர் இறங்கிப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்கு தூரம்தான் போக முடிந்தது. மாலையில் மூச்சிரைக்கத் திரும்பி வந்து சொன்னார்கள்: மேலிருந்து ஆள் உயரமாகத் தெரிந்த பாறைகள், கிட்டத்தில் போனால் செவில் நகரத்துப் பெரிய கோபுரத்தை விட உயரம்! மூன்று நாள் விளிம்பில் திரிந்தும் இறங்க வழி கிடைக்காமல் திரும்பிப் போனார்கள்.

அந்த ஸ்பானியர்கள் முட்டாள்கள் இல்லை. 446 கி.மீ. நீளம், அதிகபட்சமாக 29 கி.மீ. அகலம் உள்ள ஒன்றை அளக்க மனிதக் கண்ணுக்குப் பழக்கம் கிடையாது. கண் பழகுவதற்கு நேரம் வேண்டும். வெளிச்சம் நகர வேண்டும். எதிர்ப்புறம் ஒரு மலை இருப்பதே நிழல் விழும்போதுதான் தெரியும். அதே பள்ளம்தான், ஆனால் ஒரே பார்வைக்கு அது அகப்படாது.

வாதம் இரண்டு: "லீவு இல்லையே!"

இது நியாயமான வாதம். அமெரிக்க அலுவலகங்களில் விடுமுறை எண்ணி எண்ணித்தான் கிடைக்கும். ஆனால் திட்டத்தை மறுபடி எடுத்துப் பார்த்தால் வெள்ளி இரவும் வேகாஸில், சனி இரவும் வேகாஸில். பள்ளத்துக்கு ஓர் இரவு கூட இல்லை. இதில் விடுமுறைப் பற்றாக்குறை எங்கே வந்தது? வேகாஸின் இரண்டாவது இரவை மட்டும் தூக்கி பள்ளத்தின் பக்கம் வைத்தால் போதும். ஒரு நாள் கூட அதிக லீவு வேண்டாம். காருக்குக் கட்டும் நுழைவுச்சீட்டு ஏழு நாள் செல்லும். ஏழு நாள் சீட்டை வாங்கி இரண்டு மணி நேரத்தில் கிளம்பி ஓடுகிறவர்கள், இருபது சென்ட் கூப்பனைக் கத்தரித்து வைத்துக் கடைக்குப் போகிறவர்கள்தான்!

வாதம் மூன்று எதிர்க்கட்சியிலிருந்து வரும். முதுகில் மூட்டை கட்டி நடக்கும் வீரர்கள் சொல்வது: "அஞ்சு நாள் இறங்கி ஏறாதவன் கேன்யனைப் பார்த்ததாகவே கணக்கில்லை."

இது அதைவிட மோசம். முழங்கால் தேய்ந்த அறுபத்தைந்து வயது அம்மாவுக்கும், தள்ளுவண்டியில் குழந்தை வைத்திருப்பவருக்கும், வருடத்தில் பத்து நாள் லீவு உள்ளவருக்கும் அந்தப் பள்ளத்தில் உரிமை இல்லையா? பூங்காவுக்கு 2024-ல் சுமார் 49 லட்சம் பேர் வந்தார்கள். அத்தனை பேரும் மூட்டை கட்டி இறங்கினால் பள்ளம் தாங்குமா? இந்த வீரப் பேச்சில் ஆபத்தும் இருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் வந்தவன் ரோஷம் வந்து, கையில் அரை லிட்டர் பாட்டிலோடு "ஆறு வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வந்துடுறேன்" என்று இறங்குவான். விளிம்பில் இதமாக இருக்கும் கோடை நாளில் அடியில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மலையேற்றத்தில் களைத்தவன் பாதியிலேயே திரும்பி இறங்கிவிடலாம். இங்கே களைப்பு தெரியும்போது ஏற்றம் முழுவதும் பாக்கி இருக்கும். இறங்கிய நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஏறப் பிடிக்கும். ஒரே நாளில் ஆற்றுக்குப் போய்த் திரும்ப முயலாதீர்கள் என்று பூங்காவினர் பலகை பலகையாக எழுதி வைத்திருப்பது அலங்காரத்துக்கு இல்லை.

குறுகிய பயணம் தவறே இல்லை. குறுகிய பயணத்தில் எதை விடுவது என்று முடிவு செய்யாமல், எல்லாவற்றையும் திணிப்பதுதான் தவறு.

அப்படியானால் ஒரே ஓர் இரவை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்?

வேகாஸிலிருந்து நிதானமாகக் காலை எட்டு மணிக்குக் கிளம்பலாம். ஹூவர் அணை வேண்டாம், அது வேகாஸ் பக்கத்திலேயே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். பூங்காவுக்குள் இருக்கும் விடுதிகளில் ஓராண்டுக்கும் முன்பே பதிவு செய்யலாம். அங்கே கிடைக்காவிட்டால் நுழைவாயிலை ஒட்டிய டுசயான், ஒரு மணி நேரத்தில் வில்லியம்ஸ், ஒன்றரை மணி நேரத்தில் ஃபிளாக்ஸ்டாஃப். மாலை மூன்று நான்கு மணிக்கு விளிம்புக்குப் போனால் நுழைவாயில் வரிசையும் வடிந்திருக்கும். மார்ச் முதல் நவம்பர் வரை ஹெர்மிட் சாலையில் தனியார் கார்களுக்கு அனுமதி இல்லை, இலவசப் பேருந்து ஓடும். நடக்க முடியாதவர்களை அழைத்து வருபவர்கள் தனி அனுமதிச்சீட்டு கேட்டு வாங்கித் தங்கள் காரிலேயே போகலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் பெரியவர்களைப் பேருந்து வரிசையில் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். ஹோப்பி பாயிண்ட்டில் உட்கார்ந்தால் மாலை வெயில் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இருட்டியதும் ஓடிவிடக் கூடாது. 2019-ல் சர்வதேச இருண்ட வான் பூங்கா என்ற அங்கீகாரம் பெற்ற இடம் அது. நிலவில்லாத இரவில் பால்வெளி வெறும் கண்ணுக்குத் தெரியும். வேகாஸின் விளக்குகளுக்காக இதை விட்டுவிட்டு ஓடுகிறவர்கள், எல்க் மான்கள் குறுக்கே வரும் இருட்டுச் சாலையில் அரைத்தூக்கத்தில் 450 கி.மீ. ஓட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

காலையில் சூரிய உதயம். பிறகு யவபாய் அருங்காட்சியகத்திலிருந்து விளிம்பை ஒட்டி 'காலப் பாதை' என்று ஒன்று போகிறது. 2010-ல் திறந்தார்கள். ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் ஆண்டு. ஆறு பள்ளத்தை வெட்டிய காலமெல்லாம் முதல் ஐந்தாறு மீட்டரிலேயே முடிந்துவிடும். காலுக்குக் கீழே இருக்கும் கைபாப் சுண்ணாம்புப் பாறையின் வயதுக்கு 270 மீட்டர் நடக்க வேண்டும். அடியில் இருக்கும் மிகப் பழைய பாறைக்கு 1,840 மீட்டர்! சமதளம், தார் போட்ட பாதை, வழியில் உட்கார இடமும் உண்டு. அம்மாவும் மெதுவாக நடக்கலாம். பள்ளத்தைப் பார்ப்பதற்கும் புரிந்துகொள்வதற்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு மணி நேர நடையில்தான் இருக்கிறது. எக்ஸெல் ஷீட்டில் அதற்குத்தான் கட்டம் இருக்காது.

இன்னொன்று. 'பாலைவனம்' என்ற சொல்லை நம்பி மெல்லிய சேலையோடும் ரப்பர் செருப்போடும் பெரியவர்களை டிசம்பரில் கூட்டிப் போகிறார்கள். தெற்கு விளிம்பின் உயரம் ஏறத்தாழ 7,000 அடி, அதாவது கொடைக்கானல் உயரம். பைன் மரக் காடு. குளிர்காலத்தில் பனி கொட்டும். கொடைக்கானலுக்கு ஸ்வெட்டர் எடுத்து வைக்கிற குடும்பம் இங்கே மட்டும் ஏன் மறக்கிறது? ஒரு எட்டுதானே என்ற நினைப்பு. போகும் இடத்தைப் பற்றி ஒரு வரி கூடப் படிக்க விடாத நினைப்பு அது.

சௌகரியத்தின் பெயரால் இந்தப் பள்ளத்தைக் குறுக்கப் பார்த்தது நம்மவர்கள் மட்டுமில்லை. 1960-களில் கொலராடோ ஆற்றில் மேலும் இரண்டு அணைகள் கட்டி, பள்ளத்தின் சில பகுதிகளில் தண்ணீரைத் தேக்க அரசுத் துறையே திட்டம் போட்டது. தேக்கத்தில் படகில் போனால் மக்கள் பாறைகளைக் கிட்டத்தில் பார்க்கலாமே என்பது ஆதரவாளர்கள் சொன்ன சமாதானங்களில் ஒன்று. 1966-ல் சியரா கிளப் செய்தித்தாள்களில் விளம்பரம் கொடுத்துத் திருப்பிக் கேட்டது: வாடிகனில் சிஸ்டைன் தேவாலயத்தின் கூரை ஓவியங்களைக் கிட்டத்தில் பார்க்க வசதியாக அங்கேயும் தண்ணீரை நிரப்பிவிடலாமா? 1968-ல் அந்த அணைகள் இல்லாமலேயே சட்டம் நிறைவேறியது. மக்கள் பள்ளத்தின் அளவுக்குத் தங்களை மாற்றிக்கொள்ள வேண்டும், தங்கள் வசதிக்குப் பள்ளத்தைச் சுருக்கக் கூடாது என்பதுதான் அன்று ஜெயித்த வாதம். ஒரு குடும்பத்தின் வார இறுதிக்கும் அது பொருந்தும்.

கடைசி வாதம் ஒன்று பாக்கி. எல்லாரும் வைத்திருக்கும் துருப்புச்சீட்டு. "இந்தத் தடவை சும்மா பார்த்துட்டு வருவோம், அடுத்த தடவை நிதானமா போய்க்கலாம்."

வடக்கு விளிம்பில் 1928-ல் கட்டிய விடுதி ஒன்று 1932-ல் எரிந்து, 1937-ல் திரும்ப எழுந்தது. அதன் பெரிய கண்ணாடி ஜன்னலோரம் உட்கார்ந்து பள்ளத்தைப் பார்ப்பதற்கென்றே ஜனங்கள் போவார்கள். தெற்கோடு திரும்பியவர்கள் பலரும் "வடக்கு அடுத்த தடவை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2025 ஜூலையில் மின்னலில் பிறந்த காட்டுத்தீ அந்த விடுதியைச் சாம்பலாக்கியது. 2024 ஆகஸ்ட் இறுதியில் தண்ணீர்க் குழாய் உடைந்து தெற்கு விளிம்பு விடுதிகளிலேயே சில நாட்கள் யாரும் இரவு தங்க முடியவில்லை. இருநூறு கோடி ஆண்டுப் பாறை அங்கேயே இருக்கும். பார்க்கப் போகும் வழிகளும் ஆட்களும்தான் இருப்பார்களா என்று சொல்ல முடியாது.

மகனுக்கும் மருமகனுக்கும் அடுத்த தடவை உண்டு. நண்பர்களோடு போகலாம், பிள்ளைகள் வளர்ந்ததும் போகலாம். ஆறு மாத விசாவில் வந்து, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு பின்சீட்டில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்த அம்மாவுக்கு அடுத்த தடவை ஏது? உச்சி வெயிலில் கம்பி ஓரம் நின்று, "பெருசாத்தான் இருக்கு மாப்பிள்ளை, கிளம்பலாமா, உங்களுக்கு நேரமாகுதே" என்று அவர் சொல்வதைக் கேட்டு, "அத்தைக்குப் பிடிச்சுப் போச்சு" என்று ஷீட்டில் டிக் அடித்துவிட்டு வண்டியைக் கிளப்புகிறவர்கள் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அவர் பார்த்தது கிராண்ட் கேன்யனை இல்லை. மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்ப்பதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓர் இரவு கொடுத்தால் போதும். அதுவும் முடியாவிட்டால் போகவே வேண்டாம். வேகாஸிலேயே அந்த நீரூற்று நடனத்தை இன்னொரு தடவை நிதானமாகப் பார்த்துவிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து வீட்டுக்கு வாருங்கள். பாவம், அம்மாவின் முழங்காலாவது தப்பிக்கும்.